அரிட்டாபட்டி மலைக்கு மேலே எரிகல் மழை: 2023 டிசம்பர் 14 இரவின் முழுக் கணக்கு

2022 டிசம்பரில் சமணர் மலை அடிவாரத்தில் நின்று நான் எடுத்த நானூறு படங்களில் ஒன்றே ஒன்றில்தான் எரிகல் விழுந்திருந்தது. அதுவும் படத்தின் ஓரத்தில், மதுரை நகரத்தின் மஞ்சள் வெளிச்சத்துக்குள் பாதி கரைந்துபோய். அடுத்த வருடம் அதே மாதம், அதே கேமராவையும் லென்ஸையும் தூக்கிக்கொண்டு அரிட்டாபட்டிக்குப் போனேன். ஏழு மணி நேரத்தில் 34 எரிகற்கள் கிடைத்தன. மாறியது நின்ற இடம், பார்த்த திசை, ஷட்டர் திறந்திருந்த நேரம், வானத்தில் நிலா இல்லாதது, இவ்வளவுதான். அந்த இரண்டாவது இரவில் சரியாக வந்ததையும் கைவிட்டுப் போனதையும் இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். கைவிட்டுப் போனதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுவேன். அடுத்து ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவருக்கு அதுதான் உதவும்.

முதல் வருடம் எங்கே தப்பியது

சமணர் மலை இருக்கிற கீழக்குயில்குடி எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த இடம். தாமரைக்குளம், அய்யனார் கோயில், மேலே ஏறினால் பேச்சிப்பள்ளத்துப் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. எரிகல் மழைப் படத்துக்கு இதைவிட நல்ல முன்காட்சி கிடைக்குமா என்றுதான் நினைத்தேன். மலையை முதலில் முடிவு செய்துவிட்டு, வானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனதுதான் அடிப்படைத் தவறு.

ஜெமினிட் என்கிற இந்த எரிகல் மழை மிதுன ராசியிலிருந்து கிளம்புவதுபோலத் தெரியும். நம் ஊரில் புனர்பூசம் என்று சொல்கிற இரட்டை நட்சத்திரங்களில் காஸ்டர் என்பதற்குப் பக்கத்தில் அந்தப் புள்ளி இருக்கிறது. டிசம்பர் நடுவில் மதுரையில் அது இரவு எட்டு மணிவாக்கில் வடகிழக்கே உதிக்கும். நள்ளிரவில் வடகிழக்கிலேயே பாதி வானத்துக்கு மேல் ஏறியிருக்கும். இரண்டேகால் மணிக்கு நேர் வடக்கே, உச்சிக்குச் சற்றுத் தாழ, சுமார் 67 பாகை உயரத்தில் நிற்கும். அதாவது கேமரா வடகிழக்கைப் பார்க்க வேண்டும். சமணர் மலைக்குத் தென்மேற்கே நின்று வடகிழக்கைப் பார்த்தால் மலைக்குப் பின்னால் இருப்பது என்ன? முழு மதுரை நகரமும்.

அந்த வருடம் நிலாவும் சேர்ந்துகொண்டது. பௌர்ணமி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை; பத்து மணிக்கு மேல் முக்கால் நிலா எழுந்து, மிச்சமிருந்த இருட்டையும் தின்றுவிட்டது. போதாததற்கு ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்தேன். நிறைய நேரம் திறந்திருந்தால் நிறைய வெளிச்சம் வரும் என்ற கணக்கு நட்சத்திரத்துக்குச் சரி, எரிகல்லுக்குச் சரிப்படாது. எரிகல் ஒரு விநாடிக்குள் ஓடி முடிந்துவிடும். சென்சாரின் ஒரு புள்ளியில் அது தங்குவது நொடியில் மிகச் சிறு துணுக்கு. ஷட்டர் பத்து விநாடி திறந்திருந்தாலும் முப்பது விநாடி திறந்திருந்தாலும் எரிகல்லின் கோடு ஒரே அளவு வெளிச்சத்தில்தான் பதியும். பின்னால் இருக்கிற வானம் மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். எரிகல்லைக் கூட்டிக் காட்டுவது லென்ஸின் துவாரமும், கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிப் பதியும் என்கிற ஐஎஸ்ஓ அளவும்தான். இது புரிய எனக்கு ஒரு இரவு செலவானது.

இடத்தைத் திசையிலிருந்து தேடியது

அடுத்த முறை காகிதத்தில் ஒரு அம்புக்குறி போட்டு ஆரம்பித்தேன்: வடகிழக்கே மலை, தென்மேற்கே என் முதுகுக்குப் பின்னால் நகரம். அப்படியானால் மதுரைக்கு வடகிழக்கே போக வேண்டும். முதலில் கண்ணில் பட்டது யானைமலை. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஒத்தக்கடை, உயர் நீதிமன்றக் கிளை, நான்குவழிச் சாலை எல்லாம் அதன் காலடியிலேயே இருக்கின்றன. இன்னும் தள்ளிப் போனால் அரிட்டாபட்டி.

அரிட்டாபட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: மேலூர் பக்கத்தில், ஏழு குன்றுகளுக்கு நடுவே இருக்கிற ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கழிஞ்சமலையில் இயற்கையான குகையும் சமணப் படுக்கைகளும் இருக்கின்றன. நெற்றியில் தமிழ்ப் பிராமியில் கல்வெட்டு. நெல்வேலியைச் சேர்ந்த வெளியன் என்பவர் இந்த முழையை, அதாவது குகையை, செய்து கொடுத்தார் என்பது அதன் சாரம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. பக்கத்திலேயே மகாவீரர் புடைப்புச் சிற்பமும் வட்டெழுத்தும் உண்டு. இன்னொரு பக்கம் சிவனுக்குக் குடைவரைக் கோயில். அதில் சிவனின் வடிவமாகக் கருதப்படுகிற இலகுலீசர் சிற்பம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அபூர்வமானது.

பகலில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டாம் முறை குகைக்குள் நிழலில் உட்கார்ந்து, சாய்ந்து விழுந்த வெயிலில் எழுத்துகளை விரல் படாமல் வாசிக்க முயன்றேன். 'கொடுபிதோன்' என்று முடிகிறது அந்த வரி. கொடுப்பித்தவன் என்று இன்று எழுதுவோம். புள்ளியில்லை, இரட்டிப்பு இல்லை. உளி போன ஆழம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. அந்தப் படுக்கைகளில் படுத்திருந்தவர்களும் கார்த்திகை கடைசியில் இதே வானத்தைத்தான் பார்த்திருப்பார்கள் என்று தோன்றியது. இந்த மழையை அவர்கள் பார்த்திருப்பார்களா என்பது வேறு. ஜெமினிட் வயதில் இளையது. அது கவனத்துக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான்.

இரவில் மலைமேல் ஏறக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் இருட்டிய பிறகு போக அனுமதி இல்லை. தேவாங்கும் இராஜாளியும் இருக்கிற மலை வேறு. பாறைமேல் டார்ச் அடித்து வெளிச்சம் பூசுவதையும் அதனால்தான் விட்டேன். மலை இருட்டாகவே இருக்கட்டும், அதன் உருவம் போதும். மலையின் தென்மேற்கே ஒருவருடைய களத்துமேட்டில் நிற்க அவரிடமே அனுமதி கேட்டேன். எழுபதைத் தாண்டியவர். "மலையப் படம் புடிக்க ராத்திரில எதுக்குய்யா?" என்றார். சொன்னேன். "அப்ப நானும் முழிச்சுருக்கேன்" என்றார்.

தூரத்தைச் சாணால் அளந்தேன். கையை நேராக நீட்டி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தால் அந்தச் சாண் வானத்தில் சுமார் 20 பாகை. முதலில் பார்த்த வரப்பிலிருந்து மலை கால் சாண்கூட வரவில்லை. 14 மில்லிமீட்டர் லென்ஸை நெட்டுக்குத்தாக வைத்தால் கீழிருந்து மேலே நூறு பாகைக்கு மேல் அடங்கும்; அதில் இந்த மலை ஒரு கறுப்புக் கோடாகத்தான் தெரியும். மலையை நோக்கி நடந்து நடந்து, அது முழுச் சாண் உயரம் வந்த இடத்தில் ஒரு கல்லை நட்டேன். அகலக் கோண லென்ஸோடு பழைய சின்னங்களைப் படமெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் ஏமாறுகிறார்கள்: கண்ணுக்குப் பிரம்மாண்டமாகத் தெரிகிற மலை படத்தில் எறும்புப் புற்றாகிவிடும். திசைக்கு மொபைல் காம்பஸை நம்ப வேண்டாம். மோட்டார் ரூம் பக்கத்தில் அது தாறுமாறாகச் சுற்றியது. துருவ நட்சத்திரமும் மதுரையில் அரைச் சாண் உயரத்துக்குமேல் வராது, மலையோ மரமோ மறைத்துவிடும். கடைசியில் முந்தின வாரமே ஒரு ராத்திரி போய், காஸ்டர் எழுகிற இடத்தைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்தேன்.

அந்த இரவு

டிசம்பர் 14, வியாழக்கிழமை. அமாவாசை முடிந்து இரண்டாம் நாள். பிறை எட்டு மணிக்குள் மறைந்துவிட்டது. அந்த வருடம் உச்சம் இந்திய நேரப்படி நள்ளிரவை ஒட்டி வரும் என்று கணித்திருந்தார்கள். நிலா இல்லாதது, உச்ச நேரம், நமக்கு இரவு என்று மூன்றும் கூடி வருவது எளிதல்ல. மழைதான் பயம், வடகிழக்குப் பருவம். மூன்றே நாள் கழித்து, 17, 18 தேதிகளில், தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த வாரத்தில் எங்களுக்கு வானம் திறந்து கிடைத்ததை என்னவென்று சொல்வது.

மாலை ஆறரைக்கு, மேற்கே வெளிச்சம் முழுக்கப் போகும் முன், ட்ரைபாடைப் பூட்டி மலையைத் தனியாக ஒரு படம் எடுத்தேன். அதற்குப் பிறகு ட்ரைபாடை விடியும்வரை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை. வியாழனை வைத்து ஃபோகஸ் செய்தேன். லென்ஸின் துவாரம் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 20 விநாடி, படத்துக்குப் படம் ஒரு விநாடி இடைவெளி. பேட்டரிக்குப் பதில் பவர்பேங்க். ஒன்பதரைக்கு, தானாகப் படம் எடுத்துக்கொண்டே போகிற இன்டர்வலோமீட்டரை ஓட விட்டேன்.

முதல் ஒரு மணி நேரத்தில் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் நீளம். கிளம்பும் புள்ளி அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது எரிகல் காற்று மண்டலத்தைச் சாய்வாக உரசிக்கொண்டு போகும். கிழக்கிலிருந்து உச்சிவரை ஒரே கோடு. என் மச்சான் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கையில் ஒரு நோட்டோடு, விழுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே இருந்தான். படத்தில் எத்தனை விழுந்தது என்பதோடு கண்ணுக்கு எத்தனை தெரிந்தது என்பதும் வேண்டும் என்று அவனை அழைத்துப் போயிருந்தேன். ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை அவன் போட்ட கோடுகள் 51.

செய்திகளில் மணிக்கு 150 என்று வரும். அது கிளம்பும் புள்ளி நேர் உச்சியில் இருந்து, வானம் துளி வெளிச்சமும் இல்லாமல் இருட்டாக இருந்தால் வருகிற எண். மேலூர்ப் பக்கத்து வெளிச்சம் கிழக்கே கொஞ்சம் தெரிகிற எங்கள் வானத்துக்கு ஐம்பது என்பது நியாயமான எண். யாரும் ஏமாற வேண்டியதில்லை.

களத்துக்காரர் ஐயா விழுகிற ஒவ்வொன்றுக்கும் தலையைத் திருப்பி வேப்பமரத்தைப் பார்த்தார். நட்சத்திரம் எரிந்து விழுவதைப் பார்த்தால் பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் அம்மா சொல்லிக் கொடுத்தது. புறநானூற்றில் கூடலூர் கிழார் பங்குனி மாதத்து நள்ளிரவில் ஒரு விண்மீன் எரிந்து விழக் கண்டு, தன் சேர அரசனுக்கு என்ன ஆகுமோ என்று பதறுகிறார். ஏழாம் நாள் அரசன் இறக்கிறான். மாதம், பொழுது, அப்போது எந்த மீன் எங்கே நின்றது என்று அவர் வரிசையாகச் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் என் நோட்டுப் புத்தகம் ஞாபகத்துக்கு வரும்.

பனி

ஒன்பதரைக்கே ஐயா சொன்னார்: "தம்பி, பனி நல்லா எறங்குது. உங்களுக்குத் துண்டு கட்டுனாச் சரி, அந்தப் பொட்டிக்கு என்ன கட்டுவீங்க?" நான் கேட்டுக்கொள்ளவில்லை. கண்மாய் நிறைந்து கிடக்கிறது, சுற்றிலும் நெல் வயல், காற்று அசையவில்லை, வானம் திறந்திருக்கிறது. பனி இறங்க இதைவிட வேறென்ன வேண்டும்? லென்ஸின் முன் கண்ணாடி வானத்தை நோக்கித் திறந்தே கிடக்கிறது. தன் சூட்டை மேலே விட்டு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்றின் ஈரம் நீராகிற பனிநிலைக்குக் கீழே போன நொடியில் நீர் கோத்துக்கொள்ளும்.

ஒன்றேகால் மணிக்கு சிவப்பு டார்ச்சை லென்ஸ்மேல் காட்டியபோது கண்ணாடி பால்போல இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்ததில் 12.40 மணிப் படத்திலேயே மங்கல் ஆரம்பித்திருந்தது. உச்சத்தை ஒட்டிய முப்பத்தைந்து நிமிடம், நூறு படங்கள், ஒன்றும் தேறவில்லை. யுஎஸ்பியில் ஓடுகிற லென்ஸ் ஹீட்டர் பட்டை ஒன்று வாங்கியிருந்தால் போதும். கேமரா பையில் எதற்கோ எல்லாம் இடம் இருந்தது, அதற்கு இல்லை.

ஐயா எழுந்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் போட்டிருந்த கணப்பிலிருந்து இரண்டு கூழாங்கற்களை எடுத்து வந்தார். கையில் பிடிக்கிற சூடு வரும்வரை ஆறவிட்டு, தன் துண்டைக் கிழித்துச் சுற்றி, லென்ஸ் குழாயின் இரு பக்கமும் வைத்துக் கட்டினார். கண்ணாடி காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருந்தால் போதும், பனி பிடிக்காது. விடியும்வரை மணிக்கொரு தடவை கல்லை மாற்றினோம். மறுபடி மங்கவே இல்லை. அதிகச் சூட்டில் கட்டினால் லென்ஸின் ஃபோகஸே நகரும், அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

நான் நகர்த்தியது வேறு விதத்தில். கண்ணாடியைத் துடைக்கும்போது கை ஃபோகஸ் வளையத்தில் பட்டிருக்கிறது. ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தால் அசைந்திருக்காது. 1.25க்கு மறுபடி ஓடவிட்டதிலிருந்து 1.55க்குத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்வரை, அரை மணி நேரப் படங்கள் அத்தனையும் மங்கல்.

அந்த அரை மணிக்குள், 1.38க்கு, அன்றைய இரவின் பெரிய எரிகல் விழுந்தது. மலைக்கு இடது பக்கம், மேலிருந்து கீழாக. முதலில் வெள்ளை, அப்புறம் பச்சை கலந்த வெளிச்சம், கடைசியில் ஒரு வெடிப்பு. கண்மாய்த் தண்ணீரில் அது தெரிந்தது. வரப்பில் எங்கள் நிழல் ஒரு கணம் விழுந்து மறைந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. ஐயாகூட மரத்தைத் திரும்பிப் பார்க்க மறந்துவிட்டார்.

மூணு மணிக்கு மேல் அழகர்மலைப் பக்கமிருந்து மேகம் வந்து அரை மணி நேரத்துக்கு மேல் மூடியது, விலகியது. நாலரைக்கு நிறுத்தினேன்.

எண்ணியதும் சேர்த்ததும்

எடுத்தவை 1,171 படங்கள். மங்கல், ஃபோகஸ் விலகல், மேகம் மூன்றையும் கழித்தால் உருப்படியானவை 885. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க மூன்று இரவு ஆனது. விமானம் புள்ளி புள்ளியாக மின்னிக்கொண்டு போகும். செயற்கைக்கோளின் கோடு அடுத்த படத்திலும் தொடரும். எரிகல் ஒரே படத்தில் ஆரம்பித்து, இரு முனையும் கூர்ந்து, அங்கேயே முடியும். ஃபோகஸ் விலகிய அரை மணியில் விழுந்தவற்றையும் சேர்த்து மொத்தம் 34. ஒவ்வொரு கோட்டையும் பின்னால் நீட்டிப் பார்த்தேன். 29 காஸ்டரைத் தொட்டன. மற்ற ஐந்தும் வேறெங்கோ இருந்து வந்த உதிரிகள். அவற்றை எடுத்துவிட்டேன், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இந்த 29 கோடுகளின் பின்னால் இருக்கிற கதையும் சாதாரணமில்லை. பெரும்பாலான எரிகல் மழைகளுக்குத் தாய் ஒரு வால்வெள்ளி. ஜெமினிட்டுக்குத் தாய் ஃபேத்தான் என்கிற சிறுகோள். 1983இல் ஐராஸ் என்ற விண்கலத்தின் படங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. 1.4 ஆண்டுக்கொரு முறை சூரியனைச் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் சூரியனுக்குச் சுமார் 2 கோடி கிலோமீட்டர் பக்கம்வரை, புதன் கிரகத்தின் பாதைக்கும் உள்ளே போய் வருகிறது. அந்தச் சூட்டில் வெந்ததால்தான் ஜெமினிட் துகள்களில் சோடியம் குறைந்திருக்கிறது என்கிறார்கள். வேகம் நொடிக்கு 35 கிலோமீட்டர். ஆகஸ்டில் வருகிற பெர்சீட் எரிகல் மழைக்கு 59. மெதுவாக வருகிற எரிகல் ஒவ்வொரு புள்ளியிலும் கூடுதல் நேரம் தங்கும், அதனால் படத்தில் நன்றாகப் பதியும். எரிகல்லைப் படமெடுக்கப் பழகுகிறவர்களுக்கு இதனால்தான் நான் டிசம்பரைச் சொல்வேன்.

பிறகு சேர்ப்பது. 12.05 மணிப் படத்தை அடிப்படையாக வைத்தேன். அப்போது காஸ்டர் மலைக்கு நேர் மேலே இருந்தது. மற்றப் படங்களின் வானத்தை நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொருத்தித் திருப்பி, எரிகல்லை மட்டும் அதன் சரியான இடத்தில் வைத்தேன். அப்படித் திருப்பினால் விடிகாலையில் மலையை ஒட்டி விழுந்தவை மலைக்குள்ளே போய்விடும், ஏனென்றால் அந்த வானம் நள்ளிரவில் இன்னும் உதித்திருக்கவே இல்லை. அப்படிப் போனவை நாலு. அவற்றைத் தூக்கி மேலே வைத்துவிட முடியும், பார்ப்பவருக்குத் தெரியாது. நான் வைக்கவில்லை. மலையில் ஒருவர் உளியால் வெட்டி வைத்த பெயருக்கு மேலே நான் ஒரு பொய்யை ஒட்ட விரும்பவில்லை. ஃபோகஸ் விலகிய மூன்றும் போக, மிஞ்சியது 22. படத்தின் கீழே இதை எழுதித்தான் தருகிறேன்: மலை மாலை 6.30, வானம் நள்ளிரவு 12.05, எரிகற்கள் ஏழு மணி நேரம்.

2024இல் போகவில்லை, உச்சத்துக்கு மறுநாளே பௌர்ணமி. அந்தக் குளிர்காலத்தில் அரிட்டாபட்டி வேறு காரணத்துக்காக எல்லோர் வாயிலும் இருந்தது. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் ஊராகத் திரண்டார்கள், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்த மாதங்களில் இந்தப் படத்தை நான் பார்த்த விதமே வேறு. அடுத்து 2026 டிசம்பர் 14, திங்கள் இரவு. வளர்பிறை பத்து மணிவாக்கில் மறைந்துவிடும். அதே கல் நட்ட இடம், இந்த முறை ஹீட்டர் பட்டையோடும் டேப்போடும்.

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பொங்கலுக்கு முன்னால் களத்துக்காரர் ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். மலையின் ஒவ்வொரு முகட்டையும் விரலால் தொட்டுப் பெயர் சொன்னார். அப்புறம் நிமிர்ந்து, "அன்னைக்கு நம்ம நெழலு விழுந்துச்சே, அது இதுல எது தம்பி?" என்றார்.

மொபைலில் அந்த மங்கலான படத்தை எடுத்துக் காட்டினேன். நட்சத்திரமெல்லாம் உப்பிப்போய், நடுவே பச்சையாக ஒரு தடித்த கோடு. ஃபோகஸ் போய்விட்டது, அதனால் சேர்க்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இதப் போட்டுக் குடுங்க" என்றார்.